'டேப் இருக்கு... படிக்க மெஷின் இல்லை!' - ஜெர்மனி ஆய்வகத்தில் தொலையவிருந்த தகவல்கள் மீண்ட கதை

80-களில் திருமணம் செய்தவர்களின் வீட்டு பீரோவைத் திறந்தால், அடித்தட்டில் ஒரு வீடியோ கேசட் இருக்கும். மணமக்கள் பெயரும் முகூர்த்தத் தேதியும் எழுதி ஒட்டியிருக்கும். கேசட் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால், போட்டுப் பார்க்க டெக் இல்லை. தாத்தா பந்தி விசாரித்ததும், பாட்டி ஆரத்தி எடுத்ததும் அதற்குள்தான் இருக்கின்றன. யாராலும் பார்க்க முடியாது.

இதே சிக்கல் பெரிய அறிவியல் ஆய்வகம் ஒன்றுக்கு வந்தால்? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள 'டெசி' ஆய்வகத்தில் அப்படித்தான் நடந்தது.

மூன்று நாடுகளின் 'ஜேட்'

டெசி ஆய்வகத்தில் 'பெட்ரா' என்றொரு வளையம். சுற்றளவு சுமார் 2.3 கிலோமீட்டர். இதற்குள் எலெக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் எதிரெதிர்த் திசையில், கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் விட்டு மோதவைத்தார்கள். மோதலில் சிதறும் துகள்களைப் பதிவு செய்த கருவிகளில் ஒன்றுதான் 'ஜேட்'. ஜப்பான், டாய்ச்லாந்து (ஜெர்மனி), இங்கிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர்.

1979 முதல் 1986 வரை ஜேட் இயங்கியது. முதல் ஆண்டிலேயே பெரிய வெற்றி. அணுக்கருவுக்குள் குவார்க்குகளைப் பசைபோலப் பிடித்து வைத்திருக்கும் 'குளுவான்' என்ற துகளுக்கான சான்று, ஜேட் உட்பட பெட்ராவில் இருந்த நான்கு சோதனைகளில் கிடைத்தது.

1986-ல் சோதனை முடிந்தது. விஞ்ஞானிகள் அடுத்தடுத்த பெரிய இயந்திரங்களை நோக்கிப் போய்விட்டார்கள். பெட்ரா வளையமும் வேறு பணிகளுக்காக மாற்றி அமைக்கப்பட்டது. 'சந்தேகமாக இருக்கிறது, இன்னொரு முறை செய்து பார்க்கலாம்' என்றால் அதற்கு வழியில்லை. மிச்சமிருந்தவை காந்த நாடாக்கள் மட்டும்தான்.

பழைய கணக்கு, புதிய கேள்வி

குவார்க்குகளைப் பிணைக்கும் விசைக்கு ஒரு விநோத குணம் உண்டு. குவார்க்குகள் நெருங்க நெருங்க விசை குறையும். விலக விலக அதிகமாகும். டேவிட் கிராஸ், டேவிட் பொலிட்சர், ஃபிராங்க் வில்செக் ஆகிய மூவரும் 1973-ல் கணக்குப் போட்டுச் சொன்னது இது.

இதைச் சரிபார்க்க வேண்டுமென்றால், வெவ்வேறு ஆற்றல்களில் மோதல் நடத்தி விசையை அளக்க வேண்டும். 1989-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் தொடங்கிய 'லெப்' இயந்திரம், சுமார் 91 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஆரம்பித்து அதற்கு மேலே போனது. ஆனால், விசையின் மாற்றம் நன்றாகத் தெரிவது குறைந்த ஆற்றலில்தான். ஜேட் அளந்ததோ 14 முதல் 44 வரை. 80-களில் இல்லாத துல்லியமான கணக்கீட்டு முறைகளும் அதற்குள் வந்துவிட்டன.

பழைய தகவலைப் புதிய முறையில் ஆராய்ந்தால் விடை கிடைக்கும். மாணவராக இருந்தபோது ஜேட் குழுவில் வேலை செய்த சீக்ஃப்ரீட் பெட்கே, 90-களில் ஆகென் நகரில் பேராசிரியராக இருந்தார். அவரும் குழுவினரும் அந்தத் தகவல்களைத் தேடிப் போனார்கள்.

மூன்று பூட்டுகள்

முதல் பூட்டு, நாடா. அதைப் படிக்கக்கூடிய டெசியின் பழைய பெரிய கணினி மூடப்படவிருந்தது. நல்லவேளையாக, அதற்குள் தகவல்கள் புதிய சேமிப்புச் சாதனங்களுக்கு மாற்றப்பட்டன. அத்தனை ஆண்டு உழைப்பும், இன்று கடையில் வாங்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும் அளவுதான்.

இரண்டாவது பூட்டு, மென்பொருள். நாடாவில் இருந்தவை வெறும் எண்கள். எந்த எண் எந்தத் துகளின் பாதை என்பது ஜேட் குழுவின் புரோகிராம்களுக்குத்தான் தெரியும். அவை பழைய ஃபோர்ட்ரான் மொழியிலும், அந்தக் கால ஐ.பி.எம் கணினிக்கு மட்டுமே புரியும் மொழியிலும் எழுதப்பட்டவை. அவற்றைப் புதிய கணினிகளில் ஓடவைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. பழைய ஆள்கள் சிலர் கூடவே இருந்ததால்தான் அதுவும் சாத்தியமானது.

மூன்றாவது பூட்டு, காகிதம். மோதவிட்ட துகள் கற்றைகள் எவ்வளவு அடர்த்தியாகச் சந்தித்தன என்ற 'லூமினாசிட்டி' பட்டியலின் கணினிக் கோப்பு தொலைந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் 50 பேர் இரண்டாம் முறை பாயசம் கேட்டார்கள் என்று தெரிகிறது. சாப்பிட்டது 100 பேரா, 1,000 பேரா என்று தெரியவில்லை என்றால் பாயசத்தின் ருசியை எப்படிக் கணிப்பது? அப்படிப்பட்ட சிக்கல் இது.

கடைசியில் அந்தப் பட்டியல், பச்சை நிறக் காகிதத்தில் எடுத்த பழைய பிரின்ட் அவுட்டாகக் கிடைத்தது. ஆகென் அலுவலகச் செயலாளர் ஒருவர் சில வாரங்கள் உட்கார்ந்து, எண்கள் முழுவதையும் கையால் டைப் செய்து கணினியில் ஏற்றினார்.

பலன் கிடைத்தது. ஆற்றல் கூடக்கூட விசை குறைகிறது என்பதற்கு ஜேட் தகவல்கள் தெளிவான சான்றைத் தந்தன. சோதனை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் புதிய ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. 1973-ல் கணக்குப் போட்ட அந்த மூவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது யாரும் எடுக்கலாம்

இந்தப் பாடத்தைத் துகள் இயற்பியல் உலகம் மறக்கவில்லை. 2014-ல் செர்ன் ஆய்வகம் தன் 'ஓப்பன் டேட்டா' இணையதளத்தைத் திறந்தது. கட்டணம் இல்லை. விஞ்ஞானியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தகவலோடு, அதைப் படிக்கும் மென்பொருளும் விளக்கக் குறிப்புகளும் சேர்த்தே தருகிறார்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி அடையாள எண் உண்டு. ஆய்வில் பயன்படுத்துபவர்கள் அதைக் குறிப்பிட வேண்டும் என்பதே கோரிக்கை.

இது வெறும் காட்சிப் பொருள் அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி-யைச் சேர்ந்த ஜெஸ்ஸி தாலரின் குழு, இங்கிருந்து எடுத்த தகவலை வைத்து 2017-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. 2020-ல் செர்னின் நான்கு பெரிய சோதனைக் குழுக்களும், தகவல் சேகரித்து சுமார் ஐந்து ஆண்டுகளில் அதைப் படிப்படியாகப் பொதுவில் வெளியிடத் தொடங்குவது என்ற கொள்கையை ஏற்றன.

முழுத் தகவலையும் ஆராய இயற்பியலும் புரோகிராமிங்கும் தெரிய வேண்டும். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக எளிமையாக்கிய தொகுப்புகள் தனியாக உள்ளன. துகள் மோதல் ஒன்றை பிரவுசரிலேயே படமாகச் சுழற்றிப் பார்க்கலாம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்படியே பீரோவில் இருக்கும் அந்த கேசட்டையும் வெளியே எடுங்கள். பென் டிரைவில் மாற்றினால் மட்டும் போதாது. அம்மாவையோ பாட்டியையோ பக்கத்தில் உட்காரவைத்து, மூன்றாவது வரிசையில் பட்டுச் சேலையில் சிரிப்பது யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல அவர்கள் இருக்கும்போதே!