அரண்மனை எரு

இங்கிலாந்து மன்னர் சார்லஸ், இளவரசராயிருந்த நாளில், ரசாயன உரம் வேண்டாம், தொழுவுரம் போதும் என்று புறப்பட்டார். குளோஸ்டர்ஷயர் பண்ணையில் 1985-ல் வேலை தொடங்கிற்று. செடியோடு பேசுகிறவர் என்று அவரைக் கேலி செய்தனர். நாம் கேலி செய்யவில்லை, தோழர்களே! மண் கெடக்கூடாது என்பதில் அவருக்கும் நமக்கும் சண்டையில்லை.

சண்டை வேறிடத்தில்! பண்ணை முழுவதும் மாற 1996 ஆயிற்று. பத்தாண்டுக்கு மேல்! பொறுத்திருந்தார், பொறுக்க முடிந்தது. நிலம் கார்ன்வால் டச்சியுடையது. 1337-ல் ஏற்பட்ட அந்த டச்சியின் வருமானமோ இளவரசருடையது. வெளியேறு என்று சொல்ல யாரிருக்கிறார்?

குத்தகைக்காரன் கதையைப் பாருங்கள். நிலம் மாற இரண்டாண்டு என்பது விதி. அதுவரை உர மூட்டையைத் தொடக்கூடாது, விளைச்சல் குறையும், விளைந்ததை இயற்கை விளைச்சல் என்று கூடுதல் விலைக்கு விற்கவும் கூடாது. அரசு மானியம் அங்கே உண்டு, மறைப்பானேன்? 1990-ல் இளவரசர் தொடங்கிய 'டச்சி ஒரிஜினல்ஸ்' கம்பெனியின் இலாபம் தருமத்துக்குப் போனதும் உண்மையே. ஆனால் மானியமோ தருமமோ குத்தகைக் கெடுவை நீட்டுமா? மூன்றாண்டுக் கெடு என்றால், மண் தேறிய மறு ஆண்டே ஏரைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். தேறிய மண் யாருக்கு? நிலப்பிரபுவுக்கு!