குறியீட்டெண் வாணிபத்தில் கணிப்பொறி நிரல்கள்

மும்பையில் மித்தி ஆற்றின் ஒரு கரையில் தாராவி. மறுகரையில் பாந்த்ரா-குர்லா வளாகம். தேசியப் பங்குச் சந்தையும், சந்தைகளைக் கண்காணிக்கும் செபி வாரியமும் இவ்வளாகத்திலேயே அமைந்துள்ளன. ஆயினும் வாணிபத்தின் இரைச்சல் எதுவும் அங்கு கேட்பதில்லை. தலால் வீதிக் கூடத்தில் தரகர்கள் உரக்கக் கூவி விலை பேசிய காலம், 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை திரைவழிப் பங்கு வாணிபத்தைத் தொடங்கியதையடுத்து முடிவுற்றது. 2008இல் முதலீட்டு நிறுவனங்கள் தம் கணிப்பொறியிலிருந்தே ஆணைகளைச் செலுத்த செபி இசைவளித்தது. இன்று மாதுங்காவிலோ செம்பூரிலோ வீட்டிலிருக்கும் ஒருவரும் தம் தரகர் வழியாக ஒரு நிரலை இயக்கி வாணிபம் செய்ய இயலும்.

நிஃப்டி என்பது 50 நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கொண்டு கணக்கிடப்படும் ஓர் எண். எண்ணை எவரும் வாங்க இயலாதாகையால், அதன் ஏற்ற இறக்கத்தின் மீது ஒப்பந்தங்கள் வாங்கி விற்கப்படுகின்றன. இவற்றுள் முன்பேர ஒப்பந்தங்கள் 2000ஆம் ஆண்டிலும், விருப்ப உரிமை ஒப்பந்தங்கள் 2001ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தன. முன்பேரத்தில் முழு மதிப்பையும் செலுத்த வேண்டியதில்லை. ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டினால் போதும். ஆனால் இலாபமும் நட்டமும் முழு மதிப்பின் மீதே கணக்கிடப்படும். குறியீட்டெண் சிறிதளவு சரிந்தாலும் முன்பணத்தின் பெரும்பகுதி கரைவது இதனாலேயே.

நிரல் செய்வது யாது? கடந்த சில நிமிடங்களின் சராசரி விலை, அதனினும் நீண்ட நேரத்தின் சராசரியை விஞ்சினால் வாங்கு; தாழ்ந்தால் விற்றுவிடு; நட்டம் இவ்வளவை எட்டினால் வெளியேறு; மாலை 3.30க்கு முன் கணக்கை முடி. இத்தகைய விதிகளை அது அச்சமோ ஆசையோ இன்றி நிறைவேற்றும். விதி சரியா என்பதை அது அறியாது. பழைய விலைகளைக் கொண்டு சோதித்துப் பார்த்ததில் பெரும் இலாபம் வந்ததாக விற்பனையாளர்கள் காட்டுவதுண்டு. நூறு விதிகளைச் சோதித்து, பழைய விலைகளுக்கு நன்கு பொருந்திய ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுவது கடினமான செயலன்று! நாளைய விலைகள் அதற்குக் கட்டுப்பட்டவையல்ல. இத்தகைய நிரல்களின் கடந்தகால, எதிர்கால இலாபத்தைச் சுட்டித் தரகர்கள் விளம்பரம் செய்தல் ஆகாது என 2022 செப்டம்பரில் செபி தடை விதித்தது.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்கி விற்கும் ஒவ்வொரு முறைக்கும் தரகு, வரி, கட்டணம் யாவும் சேர்ந்து ரூ.100 எனக் கொண்டால், நாளொன்றுக்கு 4 முறை வீதம் 250 வாணிப நாட்களில் செலவு மட்டும் ரூ.1 லட்சமாகும். நிரல் அலுக்காமல் உழைப்பதால் செலவும் ஓயாமல் ஏறுகிறது.

எதிர்ப்புறத்தில் நிற்பவர் யார் என்பதே முக்கியமான கேள்வி. செபி 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை முன்பேர, விருப்ப உரிமை வாணிபத்தில் ஈடுபட்ட 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கும் மேல். 2023-24இல் மட்டும், செலவுகளைக் கழிக்குமுன், சொந்தக் கணக்கில் வாணிபம் செய்யும் நிறுவனங்கள் ரூ.33,000 கோடியும், அயல்நாட்டு முதலீட்டாளர்கள் ரூ.28,000 கோடியும் ஈட்டினர். இந்த இலாபத்தில் 96 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு நிரல்வழி வந்ததே. ஆகவே நிரல் இலாபம் தராது என்பதன்று. சந்தையின் கணினிக் கூடத்திலேயே தம் கணிப்பொறிகளை நிறுத்தி வைத்திருக்கும் நிறுவனத்துடன், வீட்டு இணைய இணைப்பை நம்பிய குடும்பச் சேமிப்பு போட்டியிடுகிறது.

வேகத்தின் ஆபத்து வேறு. 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறுதலாகச் சென்ற விற்பனை ஆணைகளால் நிஃப்டி சில நொடிகளில் 15 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்து, வாணிபம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. அன்று தவறியது நிரலன்று, மனிதரே. எனினும் தடுக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை.

சிறு முதலீட்டாளருக்கான நிரல்கள் குறித்து 2025 பிப்ரவரி 4இல் செபி சுற்றறிக்கை வெளியிட்டது. இதன்படி நிரல்வழி ஆணை ஒவ்வொன்றும் சந்தை வழங்கும் அடையாள எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும். நிரலைத் தருபவர் எவராயினும் பொறுப்பு தரகருடையது. தருக்கத்தை வெளிக்காட்டாத நிரல்களை அளிப்போர் ஆய்வுப் பகுப்பாய்வாளராகப் பதிவு பெற வேண்டும். தவறிழைக்கும் நிரலை உடனே நிறுத்தும் வசதி சந்தையிடம் இருத்தல் வேண்டும். அடையாள எண் ஆணையின் பிறப்பிடத்தைக் காட்டுமேயன்றி, நிரலின் இலாபத்திற்கு அது உறுதிச் சீட்டன்று.