ஒரு மாத்திரையும் சென்னையில் நடந்த வழக்கும்

களைப்பாக இருக்கிறது, எடை குறைகிறது, சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்று தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ ஒருவர் லேபில் இரத்தம் கொடுக்கிறார். வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கின்றன. மண்ணீரலும் வீங்கியிருக்கிறது. மருத்துவர் முதலில் சந்தேகிப்பது சி.எம்.எல். எனப்படும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோயை.

இரத்தப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன; ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு உதவாது. அதனால்தான் மரபணுச் சோதனை கட்டாயமாகிறது. சி.எம்.எல். நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோம் இருப்பதை 1960இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் கண்டார்கள். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதே காரணம் என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அப்படி ஒட்டிக்கொண்ட பி.சி.ஆர்.-ஏ.பி.எல். மரபணு உண்டாக்கும் புரதம், பெருகு பெருகு என்று அணுக்களை ஓயாமல் விரட்டுகிறது. இந்த மாற்றம் பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜையில் நேர்வது. பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்கும் போகாது. பயந்துபோன குடும்பங்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அந்தப் புரதத்தையே அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதன்பின் பெரும்பாலானோருக்கு இது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் நோயாகிவிட்டது.

ஆனால் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரை மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. இந்திய நிறுவனங்களோ அதே மருந்தைப் பத்தாயிரத்துக்குள் தந்தன. மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைப் புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் எதிர்த்தது. 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. தெரிந்த மருந்தின் புதிய வடிவம் கூடுதல் பலன் தந்தால்தான் காப்புரிமை என்னும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து நோவார்ட்டிஸ் தொடுத்த வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. தாம்பரத்தைக் கடந்து போகும் ஜி.எஸ்.டி. சாலையில், கிண்டியில்தான் இன்று அந்தக் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. நம் ஊரில் எடுத்த ஒரு முடிவு எத்தனையோ ஏழை நோயாளிகளின் உயிரைப் பிடித்து வைத்தது என்றே நான் நினைக்கிறேன்.

இவ்வளவு போராடிக் கிடைத்த மாத்திரை, உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தினால் வீணாகிவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காமலும் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர்.-ஏ.பி.எல். அளவைப் பாருங்கள். குறைய வேண்டிய அளவு குறையவில்லை என்றால் தாசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற அடுத்த மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட மாத்திரையை விடாதீர்கள்.