கார் ஓடுகிறது, நாங்கள் ஓடுகிறோமா?

பாரிஸின் புறநகர் ஸ்தேனில் பழைய கிடங்கு ஒன்றை மண்டபமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை என்றால் அங்கே ஒரு கல்யாணமோ சாமத்திய வீடோ கட்டாயம் இருக்கும். கடந்த ஆண்டு அப்படியொரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தேன். நாதஸ்வரம் முழங்க, பிள்ளை வந்து இறங்கியது ஒரு சிவப்பு சுப்பர் காரில். தரையோடு தரையாகப் பதிந்த கார். சேலையும் நகையுமாக அதிலிருந்து எழும்பி வெளியே வர மாமிமார் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

கார்க்காரர் எங்கள் ஊர்ப் பொடியன். பாரிஸின் லாச்சப்பலில் கடையொன்றில் மூட்டை இறக்கி வாழ்க்கையைத் தொடங்கியவர். சொந்த உழைப்பில் வாங்கிய கார். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்ததைக் கண்டுவிட்டு, "அண்ணை, ஒருக்கா ஓடிப் பாருங்கோ" என்று திறப்பை நீட்டினார்.

மழை தூறி ஓய்ந்த நேரம். இரண்டு பக்கமும் கிடங்குகள், ஆளில்லாத தெரு. வளைவு முடிந்து நேராகும் இடத்தில் கால் கொஞ்சம் அவசரப்பட்டு அக்சிலேற்றரைக் கூட அமத்திவிட்டது. ஈர றோட்டில் பின்சில்லு வழுக்கியிருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் கார் ஒரு பக்கம் இழுபடுவதை உடம்பு எதிர்பார்த்து இறுகியது. ஒன்றும் நடக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு மூன்று தரம் மின்னி அணைந்தது. கார் கோடு பிசகாமல் போனது.

"எப்பிடி அண்ணை?"

"நல்ல கார், தம்பி."

பொய் சொல்லவில்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை அந்த மஞ்சள் விளக்கு மனதை விட்டுப் போகவில்லை. பிழை விட்டது நான். திருத்தியது கார். எவ்வளவு பெரிய பிழை, எந்தப் பக்கத்துச் சில்லு, எந்தக் கணத்தில் என்று எதுவும் என் கைக்கு வரவில்லை. அடுத்த முறை அதே இடத்தில் அதே பிழையை விடுவேன். அப்போதும் எனக்குத் தெரியாது.

தமிழகத்தில் கார் ஓட்டுவார்கள். ஈழத்தில் நாங்கள் கார் ஓடுவோம். "நான் கார் ஓடுறன்" என்றுதான் சொல்லுவோம். காரும் ஓடும், சாரதியும் ஓடுவார். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். அந்தச் சொல்லின் முழுப் பொருளையும் நான் கண்டது என் பெரியப்பாவிடம்.

அவரிடம் இருந்தது ஓஸ்டின் ஏ40 சமசெற். சுன்னாகத்தில் ஹயர் ஓடிய கார். 1952-க்கும் 1954-க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்த வகை. 1200 சிசி, 42 குதிரைவலு, ஸ்ரியறிங் தண்டிலேயே கியர். 1990-இல் போர் மறுபடி தொடங்கியதும் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. கள்ளமாக வந்த கொஞ்சமும் தங்கத்தின் விலைக்கு விற்றது. அப்போதுதான் எங்கள் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் முதலில் ஒரு சின்னப் போத்தலில் இருந்து குழாய் வழியாகச் சொட்டுப் பெற்றோல் கொடுத்து ஸ்ரார்ட் பண்ண வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எப்போது மாற்றுவது? பெரியப்பா பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்பார், பிறகு குழாயைத் திருப்புவார். ஏற்றத்திலோ நிறைய ஆட்களை ஏற்றினாலோ எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னரே தீப்பிடிக்கிற சத்தம் அது. பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்பதால்தான் அந்த அளவோடு தப்பின. புதுக் கார்கள் என்றால் உடைந்தே போயிருக்கும். தட்டத் தொடங்கியதும் காலை எடுத்து ஒரு கியர் இறக்குவார். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சத்தம் கேட்பதற்கு முன்னரே அவர் கால் அதைக் கேட்டிருக்கும்.

இன்னொன்று: நிற்பாட்டுவதற்கு அரை மைல் இருக்கும்போதே பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். அப்படியென்றால்தான் காபுறேற்றர்க் கிண்ணத்தில் அடுத்த ஸ்ரார்ட்டுக்குப் பெற்றோல் நிற்கும். மறந்தால் விடிய ஊரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதுதான். அந்தக் கார் ஒரு பிழையையும் மறைத்ததில்லை, விட்டவுடன் சொல்லிவிடும்.

பட்டினி கிடந்த காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மண்ணெண்ணெய்ப் புகையைக் குடித்தவர்களுக்கு அதன் துயரம் தெரியும். ஆனால் சாரதியும் காரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது அந்த 42 குதிரைவலுதான்.

இப்போதைய சுப்பர் காரில் அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு சில்லின் வேகமும் அதற்கு வந்துகொண்டே இருக்கும். ஸ்ரியறிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இரண்டையும் ஒப்பிடும். ஒத்துவராவிட்டால் எஞ்சினின் வலுவைக் குறைக்கும். ஒரே ஒரு சில்லுக்கு மட்டும் பிறேக் போடும். கிளச் மிதி இல்லை. இரட்டைக் கிளச் பெட்டியில் அடுத்த கியர் ஏற்கெனவே கொழுவித் தயாராக நிற்கும்.

இந்தக் கிளச், கியர் விடயத்தில் பாரிஸுக்கு ஒரு தனி உரித்து இருக்கிறது. முன்னால் எஞ்சின், அதற்குப் பின்னால் கிளச், பிறகு கியர்ப்பெட்டி, பின்சில்லுக்கு வலு என்று உலகம் முழுவதும் பரவிய அமைப்பை 1891-இல் இங்கே ஒழுங்காக்கியவர் எமில் லெவசோர். பானார் எ லெவசோர் தொழிற்சாலை பாரிஸின் 13-ஆம் வட்டாரத்தில் இருந்தது. 1895-இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பிய ஓட்டத்தில் அவர் 48 மணித்தியாலத்துக்கு மேல் ஏறக்குறையத் தனியாளாகவே ஓடினார். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர். லாச்சப்பல் சந்தியில் இன்று சைக்கிளில் சாப்பாடு கொண்டோடும் பிள்ளைகளின் வேகம். இரண்டு நாளும் அவர் கையும் காலும் பெரும்பாலும் ஓயவே இல்லை.

நூறு ஆண்டு கழித்து வந்த மக்லாரன் எஃப்1, சாரதியின் கைக்கும் காலுக்கும் முழு வேலை கொடுத்த அந்த வழியில் வந்த கடைசிப் பிள்ளைகளில் ஒன்று. 1998-இல் மணிக்கு 386 கிலோமீற்றரைத் தொட்டது. ஏபிஎஸ் இல்லை, வழுக்கல் தடுப்பு இல்லை, பவர் ஸ்ரியறிங்கும் இல்லை. பிறகு 2005-இல் அல்சாஸின் மொல்ஸெய்மிலிருந்து 1001 குதிரைவலுவோடு புகாட்டி வேய்ரோன் வந்தது. 400-ஐத் தாண்டும் கார், அதே நேரம் கிளச் மிதியே இல்லாமல் கடைக்குப் போய்வரக்கூடிய கார். பொறியியல் சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வேகம் என்பது விலை கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. பழகிப் பெறவேண்டிய கைவேலையாக அது இல்லை.

வாங்குகிறவர்களுக்கே அது போதவில்லை என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. போர்ஷே தன் 911 ஜிடி3 காரில் 2013-இல் கைக்கியரை எடுத்துவிட்டது. இரட்டைக் கிளச் வேகமானது, எனவே அதுவே போதும் என்பது கணக்கு. 2016-இல் கைக்கியரோடு மட்டும் 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கை செய்தார்கள். பழைய கார்ச் சந்தையில் அதன் விலை புதுக்காரின் விலையைவிடப் பல மடங்கு ஏறியது. 2017-இல் ஜிடி3-க்கும் கைக்கியர் திரும்பி வந்தது. வேகம் குறைந்த காருக்குக் கூடக் காசு கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள் என்றால் அவர்கள் தேடியது என்ன? புகாட்டியும் இதை உணர்ந்திருக்கிறது போல. 2024-இல் அறிவித்த தூர்பியோன் காரில் திரைக்குப் பதிலாகச் சுவிஸ் மணிக்கூட்டுக்காரர் செய்த முள்ளும் பற்சில்லும் வைத்திருக்கிறார்கள். 1800 குதிரைவலு. கண்ணுக்குப் பழைய சுகத்தைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். இடது காலுக்கு இன்னும் வேலை இல்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2013 நவம்பரில் நடிகர் போல் வோக்கர் இறந்த போர்ஷே கரேரா ஜிடி, சறுக்கல் கட்டுப்பாடு இல்லாத கார். அளவுக்கு மீறிய வேகம்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. அந்தக் காரும் மன்னிக்கத் தெரியாத கார். என் மகள் ஓடும் காரில் ஏபிஎஸ் வேண்டும், சறுக்கல் கட்டுப்பாடும் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. உயிரைக் காக்கும் கருவி கடைசி நொடியில் கைகொடுக்கட்டும். முதல் நொடியிலிருந்தே என் இடத்தில் அது உட்கார்ந்துகொள்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பாரிஸில் இது எல்லாமே இன்னும் விசித்திரமாகத் தெரியும். 2021-இலிருந்து நகரின் பெரும்பாலான தெருக்களில் வேக எல்லை மணிக்கு 30 கிலோமீற்றர். 2024 ஒக்டோபர் முதல் பெரிபெரிக் சுற்றுவீதியில் 50. அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதுக் கார்கள் வேக எல்லையைத் தாண்டினால் தாங்களே எச்சரிக்கின்றன. போர்த் து லா சப்பலில் நெரிசலில் நிற்கும் சுப்பர் கார் தன் வலுவில் இருபதில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் வீடு போய்ச் சேர்கிறது. பெரியப்பாவின் கார் 50-இல் போனாலே ஓடுகிறவருக்கு முழு வேலை இருந்தது. இந்த நகரத்துக்கு அந்தக் கார்தான் பொருத்தம் என்று நெரிசலில் நிற்கும்போதெல்லாம் நினைப்பேன்.

எங்கள் பிள்ளைகளில் பலர் ஒட்டோமற்றிக் காருக்கான சாரதிப் பெர்மிதான் எடுக்கிறார்கள். 20 மணித்தியாலத்துக்குப் பதில் 13 மணித்தியாலப் பாடம் போதும், காசும் குறைவு. என் மகளும் அப்படித்தான் எடுத்தாள். பிறகு 7 மணித்தியாலப் பயிற்சியோடு கைக்கியருக்கும் மாறலாம் என்று தெரிந்ததும், "அப்பா, கிளச் எண்டா என்னெண்டு காட்டுங்கோ" என்றாள்.

ஒரு ஞாயிறு காலை, தெரிந்த ஒருவரின் கிடங்கு முற்றம். கேற்றைச் சாத்திவிட்டு எங்கள் பழைய டீசல் காரில் அவளை இருத்தினேன். முதல் தரம் நின்றது. இரண்டாம் தரம் தவளை மாதிரிப் பாய்ந்து நின்றது. அக்சிலேற்றரைத் தொடாதே, கிளச்சை மட்டும் மெல்ல விடு, சத்தத்தைக் கேள் என்றேன். விட்டாள். எஞ்சின் சத்தம் ஒரு சுரம் இறங்கியது. பொனற் நுனி ஒரு விரலளவு எழும்பியது.

"அப்பா, பிடிக்குது!"

"பிடிக்குதெல்லோ? காலை அதிலேயே வை."

கார் நடக்கிற வேகத்தில் முன்னால் நகர்ந்தது. அவள் றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஓடுறன்."