இரண்டு கிலோ பிள்ளை வீட்டுக்கு வரும்போது

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. குறைமாதப் பிரசவம், தாயின் ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, இரட்டைக் கர்ப்பம் என்று காரணங்கள் பல. "ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்று பெற்றவளைக் குடைவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். பிள்ளை தேறப்போவது அவள் மடியில்தான்.

சூடு

தோலுக்கடியில் கொழுப்பில்லாத பிள்ளை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அப்புறம் குடிக்கிற பாலெல்லாம் உடம்பைச் சூடாக்கவே செலவாகும்; எடை ஏறாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வயிறும் பாதமும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பாதம் மட்டும் சில்லென்றால் குளிர் பிடிக்கத் தொடங்கிவிட்டது; உடனே நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றுங்கள். வயிறும் சில்லிட்டிருந்தால், அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இந்த அணைப்பே வைத்தியம்தான். 1970களின் இறுதியில், கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர்கள் போதாதபோது, டாக்டர் எட்கர் ரே பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார். அதுதான் கங்காரு முறை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில், உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்ததுமே இப்படி அணைத்த பிள்ளைகளிடம் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. நாளுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். தொப்பி, சாக்ஸ், டயபர் போதும். தலை ஒருபக்கம் திரும்பி, மூக்கு அடைபடாமல் இருக்கட்டும். அம்மா குளிக்கப் போனால் அப்பா ஏந்தலாம், பாட்டியும் ஏந்தலாம்.

பாலாடை

சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். நம் வீட்டுப் பாலாடை இன்று வட இந்தியக் குழந்தைகள் வார்டுகளிலும் அதே பெயரில் புழங்குகிறது. கொதிநீரில் போட்டெடுத்து, பிள்ளையின் தலையைச் சற்று உயர்த்தி, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்க்க வேண்டும். விழுங்கிய பிறகே அடுத்த வாய். அவசரப்பட்டால் புரையேறும்.

சேனை, சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதுவும் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால், டாக்டர் எழுதித் தரும் இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டுகள் மட்டும். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது நுரையீரலுக்கு ஆபத்து. பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஆண்டு நிறைவு வரை

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. வளர்ச்சிக்கு அப்படியல்ல: இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் நான்கு மாதப் பிள்ளைக்குச் சமம். பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்துவிட்டதே என்று தவிக்காதீர்கள்.

பால் குடிக்க மறுப்பது, விலா உள்வாங்க மூச்சு விடுவது, உள்ளங்கால்வரை மஞ்சள் பரவுவது, வலிப்பு: எதுவானாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

வெளியே தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. 34 வாரத்துக்கு முன்பு பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு, கண் பளிச்சென்று இருந்தாலும், 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்துவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.