விதைத் தட்டு வெட்ட ஒரு சிறு மில்லிங் இயந்திரம்

விதைப்புக் கருவியில் சுழலும் தட்டு சிறியதுதான். ஆனால் பயிர் எண்ணிக்கை அதன் ஓரக் குழிகளைப் பொறுத்தே அமைகிறது. குழி பெரிதானால் இரட்டை விதை விழும். சிறிதானால் விதை உடையும் அல்லது வரிசையில் இடைவெளி விழும். இறவை நிலக்கடலைக்கு வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. வேண்டும். ரகத்துக்கு ரகம் பருப்பின் அளவு மாறுவதால் தட்டும் மாற வேண்டும்.

இத்தட்டை நைலானிலோ அலுமினியத்திலோ வெட்ட, கணினிக் கட்டளையில் இயங்கும் சி.என்.சி. மில்லிங் இயந்திரத்தைச் சிறிய அளவில் சொந்தமாகவே செய்துகொள்ளலாம். 1952-ல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இவ்வகை இயந்திரத்தை இயக்கிக் காட்டியபோது, துளையிட்ட நாடா அதற்குக் கட்டளை தந்தது. இன்று உள்ளங்கை அளவு மின்னணுப் பலகையும் இலவச மென்பொருளும் அவ்வேலையைச் செய்கின்றன.

செய்யும் முறை

அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை தொடங்கியது. அங்கும் ஆவடி, பூந்தமல்லி பக்கமும் உள்ள பட்டறைகளில் இரும்புச் சட்டத்தைச் செய்து வாங்கலாம். பற்றவைத்த சட்டம் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். எனவே வழித்தண்டுகள் உட்காரும் முகங்களைப் பற்றவைத்த பிறகே சமமாக வெட்டச் சொல்ல வேண்டும். சட்டம் ஆடினால் எந்த மோட்டாரும் அதை ஈடுசெய்யாது.

நீளம், அகலம், உயரம் என மூன்று திசைக்கும் ஒரு திருகுத் தண்டும் ஒரு ஸ்டெப்பர் மோட்டாரும் தேவை. இம்மோட்டார் ஒரு சுற்றை 200 எட்டுகளாக வைக்கும். தண்டு ஒரு சுற்றில் 5 மி.மீ. நகர்ந்தால், ஓர் எட்டுக்கு 0.025 மி.மீ. நகர்வு.

மூலை சரிபார்க்க, கொத்தனார் கையாளும் கணக்கே போதும். ஒரு பக்கம் 300 மி.மீ., அடுத்த பக்கம் 400 மி.மீ. குறித்தால் குறுக்களவு 500 மி.மீ. வர வேண்டும்.

தட்டின் அளவு

விதைகளை அளந்து, பெரிய விதையின் நீளத்தைவிடக் குழியைச் சுமார் 10 சதவீதம் பெரிதாக வெட்டலாம். நீளம் 14 மி.மீ. என்றால் குழி 15.5 மி.மீ. தட்டைப் பொருத்திக் கருவியின் சக்கரத்தை 10 சுற்று சுற்றி, விழுந்த விதைகளையும் உடைந்தவற்றையும் எண்ணிப் பார்த்த பிறகே வயலில் இறக்க வேண்டும்.

எல்லையும் எச்சரிக்கையும்

பவர் டில்லரின் எஃகுப் பல்சக்கரத்துக்கு இவ்வியந்திரம் தாங்காது; அதற்குப் பெரிய பட்டறையே கதி. ஆனால் வார்ப்படத்துக்கான மர அச்சுகளை இதில் வெட்டலாம். ஓடும்போது கண்ணாடி அணிய வேண்டும். தோளில் துண்டு தொங்கக் கூடாது.

ஒரே தட்டுக்காக இயந்திரம் செய்வது கட்டுபடியாகாது. பட்டறையில் வெட்டி வாங்குவதே மலிவு. ஐ.டி.ஐ. படித்த இளைஞர் ஒருவர் ஊரில் இதை அமைத்தால், பல விவசாயிகள் தத்தம் விதைக்கேற்ற தட்டைப் பருவம் தவறாமல் பெறலாம்.