வெயிலைத் தடுக்கும் தனிச் சட்டைக்கை

நாகரசம்பட்டி, போச்சம்பள்ளிப் பக்கங்களில் மாந்தோப்பு உடையவர்கள், காய் பறிப்புக்கு முன் தொறட்டி, கூடை முதலியவற்றைச் சீர்செய்து வைப்பது வழக்கம். பறிக்கும் ஆட்களின் கைகளைப் பற்றி எண்ணுபவர் சிலரே. வெயிலில் வெந்த முன்கையில் மாம்பாலும் தெறித்துப் புண்ணானால், வேலையாளுக்குக் கூலி நஷ்டம். தோப்புக்காரருக்குப் பறிப்பு நஷ்டம். இதைக் குறைக்கும் எளிய சாதனம், மணிக்கட்டு முதல் புயம்வரை மாட்டிக் கழற்றத்தக்க தனிச் சட்டைக்கையாகும்.

வெயிலில் தோலைச் சுடுவது கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர். காற்றின் குளிர்ச்சி இதைக் குறைப்பதில்லை. ஆகையால் சுமார் 3000 அடி உயரத்திலுள்ள ஓசூர்ப் பக்கத்தாரும் அபாயமில்லையென எண்ணலாகாது. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை இக்கதிர் மிகுதியாகும்.

துணி: 1996-ல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வகுத்த அளவுமுறையில், 50 என்னும் எண் பெற்ற துணி இக்கதிரில் ஐம்பதில் ஒரு பங்கையே உள்ளே விடும். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணிக்கு இவ்வெண் சுமார் 5 முதல் 7 வரைதான். வியர்வையில் நனைந்தால் இன்னும் குறையும். ஆகவே நீலம், காக்கி போன்ற நிறமுடைய, நெருங்கிய நெசவுப் பருத்தித் துணியே ஏற்றது. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித்துளைபோல் ஒளி தெரியுமாயின் விலக்குக.

தையல்: 36 அங்குல அகலத் துணி முக்கால் மீட்டர் ஒரு ஜோடிக்குப் போதும். முதலில் நனைத்து உலர்த்துக. நீளம் 20 அங்குலம், மேற்சுற்று 16 அங்குலம், மணிக்கட்டுச் சுற்று 10 அங்குலம் வருமாறு வெட்டி, மடிப்புக்கு ஓர் அங்குலம் கூட்டுக. ஆளுக்குத் தக்கபடி அளவை மாற்றலாம். இறுக்கமாகத் தைத்தால் காற்றோட்டம் இராது. புறங்கையை மூடும் நுனியில் நடுவிரலுக்கு ஒரு நாடா வளையம் வைத்தால், கையைத் தூக்கும்போது துணி ஏறாது.

தோப்பொன்றில் ஒரு மூதாட்டி என்னிடம், "இது வழுக்கி வழுக்கி இறங்குதுங்க, இழுத்து விடவே இன்னொரு கை வேணும்" என்றார். அவர் குறை நியாயமானது. மேல்விளிம்பில் எலாஸ்டிக்கை இறுக்குவது பரிகாரமன்று. இரத்த ஓட்டம் தடைப்படும். இரு சட்டைக்கைகளையும் முதுகின்மேல் ஒரு நாடாவால் இணைத்துவிட்டால் நழுவுவதில்லை.

எச்சரிக்கை: பார்த்தீனியம் களையெடுப்போர்க்குண்டாகும் தோல் அரிப்பு வெயிலில் அதிகரிப்பதால், அவர்க்கும் இது உதவும். மாம்பால் ஊறிய சட்டைக்கையை உடனே கழற்றித் துவைக்க வேண்டும். பூச்சிமருந்து தெளிக்க இது கூடவே கூடாது; பருத்தி நஞ்சை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். நிழலுக்கும் குடிநீருக்கும் இது ஈடாகாது.

நாகரசம்பட்டி தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில், 1989-ல், அம்மாவட்டத்திலேதான் தமிழகத்தின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தொடங்கிற்று. அத்தகைய குழுக்களில் தையல் அறிந்தோர்க்குக் கிராம அதிகாரிகள் இவ்வளவுகளைத் தெரிவிப்பார்களாக. நிலமுடையோர், கூடை வாங்கும்போதே ஆளுக்கொரு ஜோடி சட்டைக்கைக்கும் கணக்கில் இடம் ஒதுக்குவார்களாக.